ஒரு மனைக்கு எந்த விதி பொருந்தும்?

நிலம் வாங்கப் போகிறவரிடம் நம் ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "பத்திரம் சரியாக இருக்கிறதா?" என்பதுதான். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது என்று ஒவ்வொரு காகிதமாகப் பார்த்து, வழக்கறிஞரிடம் கருத்துரை வாங்கி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று மனநிறைவு கொண்ட பிறகே முன்பணம் கொடுக்கிறோம். இந்தக் காகிதங்கள் அத்தனையும் சேர்ந்து விடை சொல்வது ஒரே கேள்விக்கு: இந்த நிலம் யாருடையது? இதில் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம், எதைக் கட்டவே கூடாது என்ற இரண்டாவது கேள்விக்கு இவற்றுள் ஒன்றுகூட விடை தராது. முதல் கேள்வி வருவாய்த் துறைக்கும் பதிவுத் துறைக்கும் உரியது. இரண்டாவது, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்துக்கு உரியது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கும் குடும்பங்கள் முதல் கேள்விக்கு மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, இரண்டாவதைத் தரகரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது. அதனால்தான் சென்னைப் பெருநகரப் பகுதியை எடுத்துக்கொண்டு, ஒரு மனைக்கு எந்தெந்த விதி பொருந்தும் என்று தேடிக் கண்டுபிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

கட்டட வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் வரைவாளராக இருந்தவன் என்பதால், உறவினர்களும் நண்பர்களும் மனை பார்க்கும்போது என்னைக் கேட்பது வழக்கம். இப்போது இந்தக் கேள்விக்கு முன்னைவிட அவசரம் கூடியிருக்கிறது. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாத வீட்டை, தரைத்தளம் மட்டுமாகவோ முதல் தளத்துடனோ கட்டுகிறவர், இணையவழியில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உடனடியாக அனுமதி பெறலாம். முன்கூட்டி அலுவலர் வந்து பார்ப்பதில்லை. இதை நான் மனமார வரவேற்கிறேன். சிறு வீடு கட்டுகிற குடும்பம் அலுவலகப் படிகளில் நின்று தளர்ந்த காலத்தை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஆனால் அந்த விண்ணப்பத்தில், விதிகளுக்கு உட்பட்டே கட்டுகிறேன் என்று உறுதிமொழி தருபவர் உரிமையாளர்தான். முன்பு அலுவலர் பார்த்துச் சொல்லியிருக்கக்கூடிய குறையை இனி நாமே முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். உறுதிமொழி தவறு என்று பின்னர் தெரிந்தால் அந்த அனுமதி நிலைக்காது.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, அந்த நிலத்தின் மீது அதிகாரம் யாருக்கு என்பது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது எல்லோரும் சிஎம்டிஏ என்று சொல்லும் அமைப்பு, பெருநகரப் பகுதிக்கான திட்டக் குழுமம். அதற்கு வெளியே மாநிலத்தின் பெரும்பகுதி டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கீழ் வருகிறது. நெடுங்காலமாக இந்தப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அரசு அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அறிவித்தது. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நிறங்களால் குறிக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) இப்போது இருப்பது, 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற இரண்டாம் திட்டம். அதன் வரைபடங்களோ பழைய 1,189 சதுர கிலோமீட்டருக்கு மட்டுமே வரையப்பட்டவை. ஆகவே, "சிஎம்டிஏ எல்லைக்குள் வந்துவிட்டது" என்று விளம்பரப்படுத்தப்படும் தொலைதூரக் கிராமம் ஒன்றின் மனைக்கு, இரண்டாம் முழுமைத் திட்டத்தில் நிறம் தேடினால் கிடைக்காது. அங்கே விண்ணப்பத்தை இன்றைக்கு எந்த அலுவலகம் பெறுகிறது என்பதை நேரில் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

டிடிசிபி எல்லைக்குள்ளும் ஒரு பிரிவினை உண்டு. முழுமைத் திட்டம் உள்ள உள்ளூர்த் திட்டப் பகுதிகள் ஒருபுறம். அத்தகைய திட்டம் ஏதும் இல்லாத கிராமங்கள் மறுபுறம். திட்டம் இல்லாத இடத்தில் விதியும் இல்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படியல்ல. திட்டமில்லாப் பகுதியில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கென்றே 2017-இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஒப்புதல் இன்றி மனை பிரித்தால் அது ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவுதான்.

இந்த இடத்தில் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவரின் முத்திரை பதித்த வரைபடத்தைக் காட்டி இலட்சக்கணக்கான மனைகள் விற்கப்பட்டிருக்கின்றன. மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது சிஎம்டிஏ அல்லது டிடிசிபி. அந்த ஒப்புதல் இல்லாமல் ஊராட்சியின் முத்திரைக்கு மட்டும் மதிப்பில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புதல் இல்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோதுதான், எத்தனை குடும்பங்கள் இப்படிப்பட்ட மனைகளை வைத்திருக்கின்றன என்பது வெளியே தெரிந்தது. அதன்பின் 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் அவை வழிசெய்தன. ஆனால் வரன்முறை ஆணை கையில் இருப்பதாலேயே அந்த மனையில் விரும்பியதைக் கட்டலாம் என்று பொருளாகாது. மனை என்ற தகுதியை அந்த ஆணை தருகிறது. கட்டடத்துக்கான விதிகள் அனைத்தும் அதற்குப் பிறகும் அப்படியே நிற்கின்றன.

அதிகாரம் யாருக்கு என்று தெரிந்தபின், கையில் இருக்க வேண்டியது கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும். முகவரியை வைத்து இந்தத் தேடலைத் தொடங்கவே முடியாது. நாம் தெருப்பெயரால் அறியும் இடம், நிலப்பதிவுகளில் வேறொரு வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். அஞ்சல் முகவரியில் ஒரு பகுதியாகவும் வருவாய்க் கணக்கில் இன்னொரு கிராமமாகவும் இருக்கும் மனைகள் சென்னையின் புறநகரில் மிகச் சாதாரணம். மாநகரின் பழைய பகுதிகளில் பழைய சர்வே எண்ணுக்குப் பதிலாக நகர நில அளவை எண்ணும் பிளாக் எண்ணும் வழங்குகின்றன. பத்திரத்தில் பழைய எண்ணும் பட்டாவில் புதிய எண்ணும் இருந்தால், இரண்டும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும். இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிட்டால், அடுத்தவர் நிலத்துக்கான விதியை நம் நிலத்துக்கு உரியதென்று படித்துக்கொண்டிருப்போம்.

சிஎம்டிஏ இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் அந்த எண்ணுக்குரிய நில உபயோகத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. அது நல்ல தொடக்கம். எனினும் அங்கே கிடைக்கும் விடை சர்வே எண்ணுக்கு உரியது. நமக்கு வேண்டியதோ உட்பிரிவுக்கு உரியது. ஏக்கர்க்கணக்கில் விரிந்த ஒரு சர்வே எண்ணின் சாலையோரப் பகுதி வணிகமாகவும் பின்பகுதி குடியிருப்பாகவும் குறிக்கப்பட்டிருக்கலாம். அந்த எண்ணிலிருந்து பிரிந்த பல உட்பிரிவுகளில் நம்முடையது எந்தப் பக்கம் விழுகிறது என்பதை அந்த ஒற்றை வரி சொல்லாது. அதற்குப் புலப்படம் வேண்டும். புலப்படத்தில் நம் உட்பிரிவின் எல்லைக் கோடுகளையும் அளவுகளையும் பார்த்து, முழுமைத் திட்ட வரைபடத்தின் மேல் அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். வரைவாளராக நான் செய்த வேலைகளிலேயே மிகுந்த கவனம் தேவைப்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் ஒரு நூலிழை அகலம் உள்ள நிறக்கோடு, தரையில் ஒரு வீட்டின் அகலமாக இருக்கும்.

அடுத்து, மிகப் பரவலாக நிலவும் ஒரு குழப்பத்தைப் பேச வேண்டும். வருவாய்த் துறைப் பதிவுகளில் நிலம் நன்செய், புன்செய், கிராம நத்தம், புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டிருக்கும். அந்த வகைப்பாடு தீர்வை வசூலுக்காகப் பிறந்தது. முழுமைத் திட்டம் சொல்லும் நில உபயோகம் வேறு: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், அபாயகரத் தொழில், திறந்தவெளியும் பொழுதுபோக்கும், விவசாயம், நகர்ப்புறம் சாராதது என அது பிரிகிறது. பட்டாவில் புன்செய் என்று இருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கலாம். அதில் வீடு கட்டத் திட்டம் குறுக்கே நிற்காது. பட்டாவில் வீட்டுமனை போலத் தோன்றும் நிலம் திட்டத்தில் திறந்தவெளியாகவோ விவசாயமாகவோ இருக்கலாம், அப்போதுதான் துன்பம். "சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன, இனி யார் கேட்கப்போகிறார்கள்?" என்ற சொல்லை நம்பி விவசாய உபயோக மண்டலத்தில் மனை வாங்கியவர், வங்கிக் கடனுக்குப் போகும்போது திட்ட அனுமதி கேட்கப்பட்டு நின்றுவிடுகிறார்.

உபயோகத்தை மாற்றவே முடியாதா என்றால், முடியும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்கீழ் விண்ணப்பித்து, நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகள் கேட்கப்பட்டு, குழுமம் முடிவெடுத்து, அரசிதழில் வெளியான பின் மாற்றம் செல்லும். காலமும் கட்டணமும் பிடிக்கும் வழி அது. விண்ணப்பித்தவர்க்கெல்லாம் கிடைப்பதும் அன்று. மாற்றித் தருகிறேன் என்று விற்பவர் வாய்மொழியாகச் சொன்னால், மாற்றம் அரசிதழில் வந்தபிறகு கிரயம் செய்துகொள்ளலாம் என்று விடை சொல்வதே முறை.

ஒரு மண்டலத்துக்குள் எது அனுமதி, எது தடை என்பதை 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. அதற்கு முன் மாநகராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று, சிஎம்டிஏவுக்கு ஒன்று என்று தனித்தனி விதிகள் இருந்தன. அவற்றை ஒரே தொகுப்பாக்கியது பெரும் நன்மை. முதன்மைக் குடியிருப்பில் வீட்டோடு சிறு கடை, மருத்துவரின் ஆலோசனை அறை, சிறு தொழில் ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஆனால் பரப்புக்கும் மோட்டாரின் குதிரைத்திறனுக்கும் வரம்பு உண்டு. வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடலாம் என்ற நம்பிக்கையில் கடன் வாங்குகிறவர்கள் இந்தப் பட்டியலைத் தாங்களே படிக்க வேண்டும்.

முழுமைத் திட்டத்தோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது. மாநகரின் பல பகுதிகளுக்கு விரிவான வளர்ச்சித் திட்டங்கள் தனியே இருக்கின்றன. முழுமைத் திட்டம் முழு நகரையும் பார்த்து வரையப்பட்டது என்றால், இவை தெருத்தெருவாக, மனைமனையாக வரையப்பட்டவை. எந்தத் தெரு எவ்வளவு அகலமாக வேண்டும், எந்த மூலை பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது, எந்த மனையின் முன்பகுதி சாலை விரிவாக்கத்துக்குப் போகும் என்ற விவரமெல்லாம் அங்கேதான் கிடைக்கும். ஒதுக்கப்பட்ட நிலத்தை அறிவிப்புக்குப்பின் 3 ஆண்டுகளுக்குள் அரசு கையகப்படுத்த முனையவில்லை என்றால் அந்நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று 38-ஆவது பிரிவு சொல்கிறது. உரிமையாளர்களுக்கு இது முக்கியமான பாதுகாப்பு. ஆனால் மனை வாங்குகிறவர் இந்தப் பிரிவை நம்பி ஒதுக்கீட்டு நிலத்தை வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்; வழக்கு நடத்தும் வலிமையும் பொறுமையும் எல்லோருக்கும் இருப்பதில்லை.

ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுக்குள்ளும் இதே விழிப்பு தேவை. ஒப்புதல் வரைபடத்தில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு பயன்பாடு எழுதப்பட்டிருக்கும். கடைக்கென்றும் பள்ளிக்கென்றும் ஒதுக்கிய மனைகளைக் குடியிருப்பு மனை என்று விற்றிருப்பார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சிய நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சி அமைப்பிடம் தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். அந்த 10 விழுக்காடு பிற்காலத்தில் துண்டாக்கப்பட்டு விலைக்கு வருவதை நாளிதழ்களில் நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். விற்பவர் தரும் வண்ண விளம்பரப் படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒப்புதல் எண்ணைக் கேட்டு, அந்த எண்ணுக்குரிய மூல வரைபடத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

இத்தனையும் அடிப்படை. இதற்கு மேல்தான் சிறப்பு எல்லைகள் வந்து படிகின்றன. என் அக்கா மகன் சென்ற ஆண்டு ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மனையைப் பார்த்துவிட்டு வந்தான். "மாமா, பேப்பர் எல்லாம் கிளியர். சோன்கூட ரெசிடென்ஷியல்தான், நானே ஆன்லைன்ல பார்த்துட்டேன்" என்றான். அவன் பார்த்தது உண்மை. நிலம் குடியிருப்பு மண்டலத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு நிறத்தின் மேல் குறைந்தது இரண்டு கோடுகள் ஓடுவதை அவன் கவனிக்கவில்லை.

ஒன்று, நிலத்தடி நீர்ச் செறிவூட்டுப் பகுதி. திருவான்மியூருக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்பரப்பை, கோட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை, இரண்டாம் முழுமைத் திட்டம் தனியாகக் குறித்தது. காரணம் மிக எளிது. மழைநீர் அந்த மணலில் இறங்கி, நன்னீராகத் தங்கி, கடலின் உப்புநீர் உள்ளே வராதபடி தடுக்கிறது. மணலைக் கட்டடத்தால் மூடிவிட்டு, அடியிலிருக்கும் நீரையும் உறிஞ்சிவிட்டால், உப்பு உள்ளே வரும். வந்த உப்பு எளிதில் திரும்பாது. அதனால்தான் வழக்கமான இடங்களைவிடக் குறைந்த கட்டுமானத்தையே இங்கே அனுமதிக்கும் சிறப்பு விதி வகுக்கப்பட்டது. இத்தகைய சிறப்பு விதிகளை அரசு அவ்வப்போது அரசாணை மூலம் திருத்துவதுண்டு என்பதால், பத்தாண்டுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் பெற்ற அனுமதியையோ, பழைய விதிப்புத்தகத்தையோ அடிப்படையாகக் கொள்ளாமல், நடப்பிலுள்ள திருத்தத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது, கடலோர ஒழுங்குமுறை மண்டலம். இது மாநிலச் சட்டத்தால் வந்ததன்று. மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991-இல் வந்து, 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிக்கைகளால் மாற்றப்பட்டது. கடல் ஏறும்போது நீர் எட்டும் உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கமாக 500 மீட்டர் வரை இதன் கை நீள்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் ஆறுகள், கழிமுகங்கள், கால்வாய்கள் ஆகியவற்றின் கரைகளுக்கும் இது பொருந்தும். அங்கே 100 மீட்டராக இருந்த தூரத்தை 2019 அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அந்த அறிவிக்கையே, அதன்படி தயாரித்து ஒப்புதல் பெறும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்களைப் பொறுத்துத்தான் நடைமுறைக்கு வருகிறது. அடையாற்றுக் கழிமுகத்துக்கும் கூவத்துக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் அருகில் மனை வைத்திருப்பவர்கள், கடல் கண்ணுக்கே தெரியவில்லையே என்று இந்தச் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. வளர்ச்சியடைந்த நகர்ப்பகுதியில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்துக்கோ நிலத்தின் பக்கமாகத்தான் புதிய கட்டடம் வரலாம். கடலின் பக்கமாக வரக் கூடாது. அக்கா மகன் பார்த்த மனைக்கு முன்னால் மண்பாதை ஒன்று இருந்தது. அந்தப் பாதை விதியின் பொருளில் ஒரு சாலையா என்பதுதான் அந்த மனையின் தலையெழுத்தையே தீர்மானிக்கும் கேள்வி. பத்திரத்திலும் பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் அதற்கு விடை இல்லை.

நீர்நிலைகளைச் சுற்றியும் இப்படித்தான். புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுமைத் திட்டத்திலேயே சிறப்புப் பகுதியாகக் குறிக்கப்பட்டது. நகரம் குடிக்கும் நீர் அங்கே சேர்கிறது என்பதே காரணம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்புநிலத்தின் தாக்கப் பகுதி எது என்று அறிவியல் முறையில் வரையறுக்கப்படும் வரை, அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புதிய அனுமதிகள் வேண்டாம் என்று சொன்னது. வேளச்சேரி, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கங்களில் மனை வைத்திருந்த பலர், தங்கள் நிலத்தின் நிறம் மாறாமலேயே அதன் நிலை மாறியதை அப்போதுதான் உணர்ந்தார்கள். அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. அதே நேரத்தில், 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தெந்தத் தெருக்களில் தண்ணீர் முதல் தளம் வரை ஏறியது என்று நினைவிருக்கும் யாரும் இந்தக் கட்டுப்பாட்டைத் தேவையற்றது என்று சொல்ல மாட்டார்கள் என்றே நம்புகிறேன். குடியிருப்பு மண்டலம் என்ற குறிப்பு, அந்த நிலம் மேடானது என்ற உறுதியைத் தருவதில்லை. பெரிய கட்டுமானங்களுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படுவது அதற்காகவே.

நினைவுச் சின்னங்களின் எல்லையைப் பலர் அறிவதே இல்லை. 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. மாமல்லபுரத்துக்காரர்கள் இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். சென்னையின் நடுவிலும் இது உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் தம் மகனுக்கும் நண்பருக்கும் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கல்லறை பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதைச் சுற்றிய 100 மீட்டர் எல்லை, உயர் நீதிமன்றத்தின் வாகன நிறுத்துமிடத் திட்டத்துக்கே இடையூறாகி வழக்காக வந்தது. நீதிமன்ற வளாகத்துக்கே அந்த நிலை என்றால் ஒரு கிரவுண்டு மனைக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சுற்றிய உயரக் கட்டுப்பாடும், தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டு வளையமும் இவ்வாறே முழுமைத் திட்டத்தின் நிறத்துக்கு அப்பாற்பட்டவை.

இவை எல்லாவற்றையும் கடந்தபின்தான் எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு வருகிறது. தரகர்கள் இதிலிருந்தே தொடங்குவார்கள். எஃப்எஸ்ஐ 2, மனை 2,400 சதுர அடி, ஆகவே 4,800 சதுர அடி கட்டலாம் என்பது அவர்கள் வாய்ப்பாடு. எஃப்எஸ்ஐ என்பது தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற எண். 18.30 மீட்டர் உயரத்துக்கு மிகாத கட்டடங்களுக்கு அடிப்படைத் தளப்பரப்புக் குறியீடு 2 என்பது சரிதான். உயரமான கட்டடங்களுக்கு 3.25 வரை போகலாம் என்பதும் சரிதான். ஆனால் அது மேல் வரம்பு. மனைக்கு முன்னால் உள்ள சாலையின் அகலம், விட வேண்டிய பக்க இடைவெளி, வாகனம் நிறுத்தும் இடம் ஆகிய மூன்றும் அந்த வரம்பை எட்டவிடாமல் செய்யலாம். சாலை அகலத்தை நேரில் நாடா பிடித்து அளந்து பாருங்கள். பத்திரத்தில் 30 அடி என்று எழுதப்பட்ட சாலை, எதிர்வீட்டுப் படிக்கட்டும் சுற்றுச்சுவரும் போக, நடைமுறையில் குறுகிப்போயிருக்கும். மேலும் முழுமைத் திட்டத்தில் அந்தச் சாலை விரிவாக்கத்துக்குக் குறிக்கப்பட்டிருந்தால், மனையின் முன்பகுதியைத் தானப்பத்திரமாக எழுதித் தர வேண்டிவரும்.

காலமும் ஒரு விதிதான். விண்ணப்பம் கொடுத்த நாளின் விதியா, அனுமதி வழங்கும் நாளின் விதியா என்ற கேள்விக்கு, 2003-இல் ஹவுரா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக விடை சொன்னது: விண்ணப்பம் கொடுத்துவிட்டதாலேயே பழைய விதியின்கீழ் உரிமை பிறந்துவிடாது, அனுமதி வழங்கும் நாளில் எது நடைமுறையில் உள்ளதோ அதுவே பொருந்தும். இரண்டாம் முழுமைத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. அடுத்த இருபதாண்டுக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிவரும் வேளையில், இன்று மனை வாங்கிச் சில ஆண்டுகள் கழித்துக் கட்ட நினைப்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது, உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, ஆட்சேபணை இருந்தால் உரிய காலத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். அந்தக் காலம் கடந்தால் மீண்டும் 32-ஆவது பிரிவின் நெடுவழிதான்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் கட்டியவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் நகரம் பார்த்திருக்கிறது. 2011-இல் தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறிய வணிகக் கட்டடங்களுக்கு முத்திரை வைக்கப்பட்டது. பெரிய கடைகளுக்கு நீதிமன்றம் வரை சென்று வாதாடும் வலிமை இருந்தது. ஒரு தளம் கூட்டிக் கட்டிய நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த வலிமை கிடையாது.

அக்கா மகனிடம் நான் சொன்னது இவ்வளவே: வாய்மொழியை விடு, எழுத்தில் வாங்கு. சிஎம்டிஏவிடம் விண்ணப்பித்து நில உபயோகச் சான்றைப் பெறலாம். கடலோர மண்டலத்தைப் பொறுத்தவரை, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் தயாரிக்கும் வரைபடத்தில் மனையின் எல்லையைப் பதித்துப் பார்க்க வேண்டும். கிரய ஒப்பந்தத்திலேயே, இன்ன பரப்பில் வீடு கட்ட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை எழுதிக்கொள்ள வேண்டும். "அப்படி எழுதச் சொன்னா அவங்க மனசு மாறிடுவாங்களே, மாமா" என்று தயங்கினான். எழுதச் சொல்லிக் கேட்டபோது விற்பவர் மறுத்துவிட்டார். அவன் அந்த மனையை வாங்கவில்லை. இப்போது மேடவாக்கம் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான், சதுப்புநிலத்தின் எல்லையிலிருந்து தூரம் எவ்வளவு என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொண்டு.

அரசிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வழிகாட்டி மதிப்பு தெரிகிறது. வருவாய்த் துறையின் தளத்தில் பட்டாவும் புலப்படமும் கிடைக்கின்றன. சிஎம்டிஏ தளத்தில் நில உபயோகம் வருகிறது. மூன்றுக்கும் அடிப்படை அதே சர்வே எண்தான். கிரயப் பத்திரம் பதிவாகும்போது, வழிகாட்டி மதிப்புக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணின் நில உபயோகத்தையும், அதன் மேல் படியும் கடலோரம், நீர்நிலை, நினைவுச் சின்னம், விமான நிலையம் ஆகிய எல்லைகளையும் ஒரு பக்கமாக அச்சிட்டு, வாங்குபவரிடம் கையொப்பம் பெற்றுப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். தரவுகள் ஏற்கெனவே அரசிடம் இருக்கின்றன. அவை வெவ்வேறு துறைகளில் பிரிந்து கிடப்பதால், அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் வேலை, அதற்கான பயிற்சியே இல்லாத குடும்பங்களின் தலையில் விழுந்திருக்கிறது. உட்பிரிவு அளவிலான நில உபயோக வரைபடத்துடன் மூன்றாம் முழுமைத் திட்டம் வெளியாகும் நாளிலேயே இந்தப் பக்கமும் நடைமுறைக்கு வர வேண்டும் என்று, வரைவு பார்வைக்கு வரும்போது என் கருத்தாக எழுதிக் கொடுக்கப்போகிறேன்.